உள்ளித் தண்ணீர் வட்டத்துக்குள் ஒரு புல்தரை

எனக்குப் புல்லைப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. நான் பிறந்த கிளிவெட்டியில் வீட்டைச் சுற்றி ஒரு புல் முளைக்க விடமாட்டோம். பொழுதுபடப் பெண்கள் செய்கிற கடைசி வேலை முற்றம் கூட்டுவது. வெறும் மணல். ஓணான் நடந்தாலும் தடம் தெரியும். அழகுக்காகக் கூட்டுகிறார்கள் என்று பட்டணத்து ஆட்கள் நினைப்பார்கள். அழகும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இரவில் என்ன வந்து போனது என்று பார்ப்பதற்குத்தான்.

அப்படிப்பட்ட என்னைக் கலியாணம் கட்டிக் கொண்டுவந்து, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களாவில் வைத்தார் என் கணவர். இழுவைப் படகில் எஞ்சின் பார்க்கிற வேலை அவருக்கு. பங்களாவை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கி இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு ஒரு பாதி. மற்றப் பாதியில் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவரின் குடும்பம், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள். அந்த வீட்டு அக்காவும் நானும் ஒரே விறாந்தையில்தான் அரிசி புடைத்தோம். முன்பக்கம் றோட்டு வரைக்கும் புல்தரை. அதை லோன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஓவசியர் சொல்லிக்கொடுத்தார். லோனை இருந்தபடியே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைத் திருப்பி எடுப்போம் என்றும் சொன்னார்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருகோணமலையில் நாய்கூட நிழலை விட்டு வராது. அந்த வெயிலில் கிணற்றிலிருந்து அள்ளி அள்ளி அந்தப் புல்லுக்கு ஊற்றினேன். வயிற்றில் பிள்ளையோடும் ஊற்றினேன். ஆடு தின்னாத, மாடு தின்னாத, மனிதரும் உட்காராத புல். வெள்ளைக்காரன் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தானாம். அவன் போய்விட்டான். அவனுடைய புல்லுக்கு நான் தண்ணீர் ஊற்றினேன்.

புல்லை வெட்ட மாதம் ஒருமுறை ஒருவர் வருவார். மெஷின் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வரிசையில் இருந்த எல்லா வீடுகளுக்கும் போவார். என் பிள்ளை நடக்கத் தொடங்கிய வருட மாரியில், மழைக்காலத்தில், மெஷின் பழுதாகிப் போனதால் நீளப்பிடிக் கத்தியோடு வந்தார். அதற்குள் மழையில் புல் முழங்காலைத் தாண்டிவிட்டது. அவர் ஓரத்தில் வெட்டத் தொடங்கிய நேரம், உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா கையிலிருந்த சீலையை அப்படியே போட்டுவிட்டாள்.

“வால் போகுது,” என்றாள். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு உயிர் போனது.

புல்லு வெட்டுகிறவர் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தைப் படியில் வந்து இருந்தார். என்ன நிறம் என்று கேட்டார். அக்காவுக்குத் தெரியவில்லை. மொத்தமா, மெல்லிசா என்றார். வால்தானே கண்டேன் என்றாள். சாரையாக இருக்கலாம், சாரை ஒன்றும் செய்யாது என்று அவரே சொல்லி, நான் கொடுத்த தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்து எழும்பினார். சாரை என்றால் வெட்டுங்கோவன் என்றேன்.

“தங்கச்சி, அது சாரை எண்டு எனக்குத் தெரியும். நான் ஆர் எண்டு அதுக்குத் தெரியவேணுமே,” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாரி முழுக்க அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

என் பயத்தைச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். அறுவடையில், வெட்டிக் கிடந்த நெற்கதிரை அள்ளக் குனிந்த இடத்தில் புடையன், அதுதான் கண்ணாடி விரியன், கடித்தது. வண்டியில் ஏற்றி மூதூர் இறங்குதுறைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து லாஞ்சிப் படகில் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். எங்கள் பக்கத்தில் பாம்பு கடித்தவனுக்குப் பச்சை மிளகாய் ஒன்றைக் கடிக்கக் கொடுப்பார்கள். உறைத்தால் விஷம் ஏறவில்லை. உறைக்காவிட்டால் ஏறிவிட்டது. டாக்குத்தர்மார் இதை நம்புவதில்லை. இறங்குதுறையில் அண்ணனுக்கு மிளகாய் கொடுத்தார்கள். கடித்தான். இன்னொன்று கேட்டு வாங்கிக் கடித்தான்.

“உறைக்கேல்லை,” என்றான். ஏதோ தான் பிழை செய்துவிட்டவன் மாதிரி எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

லாஞ்சி வந்தது. அவனை அதில் ஏற்றத் தேவைப்படவில்லை.

ஆகவே என் வீட்டு வாசலில், நடக்கப் பழகி ஓடித்திரிகிற என் பெண்பிள்ளைக்கு முன்னால், முழங்கால் உயரப் புல்லும் அதற்குள் ஒரு வாலும் இருந்தால் நான் என்ன செய்வேன்? என் கணவர் ஒரு தடியை எடுத்துக்கொண்டு போய்ப் புல்லின் ஓரத்தைத் தட்டினார். ஓரத்தை மட்டும். உள்ளே கால் வைக்கவில்லை. கப்பல் கட்டி இழுக்கிற ஆள் புல்லுக்குப் பயப்படுகிறார் என்று நான் பேசினேன். அவர் தடியை என்னிடம் நீட்டி, “அப்ப நீர் போய்ப் பாருமன்,” என்றார். நான் வாங்கவில்லை.

அக்காதான் வழி சொன்னாள். உள்ளியை, அதுதான் வெள்ளைப்பூண்டை, நன்றாக இடித்துத் தண்ணீரில் கலந்து வளவைச் சுற்றி ஊற்றினால் பாம்பு அந்தக் கோட்டைத் தாண்டாது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்கள் ஊரிலும் செய்வார்கள். இரண்டு பேரும் இருந்து கை எரிய எரிய இடித்தோம். வாளியில் கலந்து, வேலியின் அடியில், முன்னால் றோட்டோரம், பின்னால் குசினிக்கு அப்பால் என்று ஒரு இடம் விடாமல் முழு வளவையும் சுற்றி ஊற்றினோம். வீடே ரசச்சட்டி மாதிரி மணத்தது. எனக்கு மனம் ஆறிப்போனது. அன்றைக்குப் பிள்ளைக்கு நிம்மதியாகச் சோறு தீத்தினேன்.

அடுத்த நாள் பக்கத்து வளவு ராத்தா வேலிக்கு மேலால் தலையை நீட்டி என்ன மணம் என்று கேட்டா. கிண்ணியாவில் பிறந்த முஸ்லிம் மனுசி, அக்கா என்கிற மாதிரி அவவை ராத்தா என்போம். புருஷன் லாஞ்சியில் வேலை. நாங்கள் செய்ததைப் பெருமையாகச் சொன்னோம். ராத்தா புல்லைப் பார்த்தா. பிறகு எங்களைப் பார்த்தா.

“தங்கச்சி, பாம்பு உள்ளுக்குத்தானே இரிக்கி? இப்ப அது எப்பிடி வெளிய போகும்?”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா வாளியைப் பார்த்தாள்.

வீடும் வட்டத்துக்குள். புல்லும் வட்டத்துக்குள். பிள்ளையும் வட்டத்துக்குள். அதுவும் வட்டத்துக்குள். வராமல் தடுக்க ஊற்றினதைப் போகாமல் தடுக்க ஊற்றியிருக்கிறோம். இரண்டு வீட்டுப் பெண்கள், இரண்டு பேருக்கும் மூளை இல்லை.

அன்றிலிருந்து எனக்கு இருந்த பயம் வேறு மாதிரியானது. முதலில் அது எங்கேயாவது போய்விடும் என்ற நம்பிக்கை இருந்தது. இப்போது அது அடைபட்டுக் கிடக்கிறது, கோபத்தோடு கிடக்கிறது என்று எனக்குப் பட்டது. கால்களைக் கட்டிலுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டுதான் அரிசியில் கல் பொறுக்கினேன். அலுமாரிக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் தட்டிய பிறகுதான் கதவைத் திறந்தேன். சப்பாத்துக்குள் கையை விடாதீங்கோ, கவிழ்த்துத் தட்டுங்கோ என்று கணவரிடம் ஒவ்வொரு நாளும் கத்தினேன்.

கோட்டில் ஒரு இடத்தைத் திறந்துவிடலாம் என்றார் கணவர். மண்ணைச் சுரண்டி எடுத்து ஒரு வாசல் மாதிரி. சரி, எந்தப் பக்கம்? அதுதான் சண்டை. ராத்தாதான் இந்தக் கதையைத் தொடக்கினவ. ஆனால் எங்கட பக்கம் மட்டும் வேணாம், எனக்கும் புள்ளையள் இரிக்கி என்று அவதான் முதலில் சொன்னா. றோட்டுப் பக்கம் திறக்கலாம் என்றார் கணவர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற றோட்டுக்கா பாம்பை விடப்போறியள் என்று அக்கா கேட்டாள். மிச்சம் பின்பக்கம். அங்கே துருப்பிடித்த நங்கூரமும் சங்கிலியும் போட்டுக் கிடந்த வெறுங்காணி. அங்கே விட்டால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லை. ஆனால் முன்னாலிருக்கிற புல்லிலிருந்து பின்பக்கம் போக அது என் குசினி வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஒரு பக்கமும் திறக்கவில்லை. மழை பெய்து உள்ளித் தண்ணீர் கழுவுப்பட்டுப் போனது. திரும்ப ஊற்றவா வேண்டாமா என்று அடுத்த சண்டை. ஊற்றினால் உள்ளே இருப்பது போகாது. ஊற்றாவிட்டால் வெளியே இருப்பது வரும். அக்கா ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஊற்றினாள். ஏன் என்று கேட்டால், “கை பழகிட்டுது,” என்றாள்.

ஒருவரும் உள்ளே இறங்காததால் புல்தரை தன் பாட்டுக்கு வளர்ந்தது. வெள்ளைக்காரனின் புல்லை எங்கள் ஊர்ப் பூண்டுகள் பிடித்து அமுக்கின. முதலில் தும்பை வந்தது, வெள்ளை வெள்ளையாக. பிறகு மஞ்சளாக மூக்குத்திப்பூ. வேலியோரம் பட்டிப்பூ. பழைய கொடிக்கம்பத்தின் அடிக்கட்டையில் நீலக் காக்கணவன் ஏறியது. தொட்டாற்சுருங்கி தரையோடு படர்ந்து ஊதா உருண்டைகளாகப் பூத்தது. வண்ணாத்திப்பூச்சிகள் ஒரு கூட்டம். தவளைகள் கத்தின. தவளை இருக்கிற இடத்தை எது தேடி வரும் என்று எனக்குத் தெரியும்.

தையில் மழை ஓய்ந்து வெயில் எறிக்க, றோட்டால் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கோயிலுக்குப் போகிற பெண்கள் நல்லாப் பூக்கண்டு வளர்த்திருக்கிறீர்கள் என்று மெச்சினார்கள். நாங்கள் ஒன்றும் வளர்க்கவில்லை. பயத்தில் வெட்டாமல் விட்டோம். நான் விறாந்தையின் கடைசிப் படியைத் தாண்டவில்லை. அந்தப் பூக்களை எல்லாம் நான் படியில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

வீடு பார்க்கத் துறைமுகக் கந்தோரிலிருந்து ஒரு பெரிய ஐயா வந்தார். வந்த வேகத்தில் எங்கே லோன் என்று கேட்டார். கணவர் பூண்டுப் பக்கம் கையைக் காட்டினார். ஐயா படியிறங்கி ஒரு காலைப் புல்லுக்குள் வைக்கப்போனார். அப்போதுதான் கணவர், “சேர், உள்ளுக்குப் பாம்பு,” என்றார். ஐயா காலை எடுத்த விதத்தைப் பார்த்து அக்கா சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். தூர நின்று பார்த்துவிட்டு, பூவும் வடிவாகத்தான் இருக்கிறது, கச்சான் தொடங்க வெட்டினால் போதும் என்று சொல்லிப் போனார். கணவருக்கு வீடு தப்பியது. எனக்கு ஒன்றும் தப்பவில்லை. கச்சான் வரும்வரை அது அங்கேயே இருக்கும்.

பிள்ளைக்கு அந்த மஞ்சள் பூவில் கண். காலையிலிருந்து பூ, பூ என்று அரற்றுவாள். ஒரு முறை அடித்தேன். அடித்தால் கேட்கிற வயது இல்லை. நான் குசினியில் நிற்கிற நேரம் பழஞ்சீலை ஒன்றை அவள் இடுப்பில் கட்டி மறு நுனியை விறாந்தைத் தூணில் கட்டினேன். ராத்தா பார்த்துவிட்டு, “ஆட்டுக்குட்டிக்கு குழையும் போட்டிட்டீங்களா?” என்றா. சிரிக்கட்டும். என் பிள்ளை.

ஒரு நாள் மத்தியானம் கறி கிண்டிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் காலில் சலங்கைக் கொலுசு போட்டிருந்தேன், எங்கே நிற்கிறாள் என்று கேட்பதற்கு. அந்தச் சத்தம் இல்லை. அகப்பையோடு ஓடி வந்தேன். தூணில் சீலை இருந்தது. இடுப்பில் போட்ட முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. அவிழ்க்கப் பழகியிருக்கிறாள்.

புல்லுக்குள்ளே, நடுவில், பூக்கள் ஒரு இடத்தில் மட்டும் ஆடின. காற்று இல்லை.

கூப்பிட்டேன். விளையாட்டு என்று நினைத்தாளாக்கும், சிரித்துக்கொண்டு இன்னும் உள்ளே போனாள். பூ ஆடுவது தள்ளித் தள்ளிப் போனது. கணவர் கடலில். அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். நான் கடைசிப் படியில் நின்றேன். கால் இறங்கவில்லை. அண்ணன் குனிந்த இடம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

வயல் வரம்பில் இருட்டுப்படுகிற மைம்மல் நேரத்தில் நடக்கும்போது எங்கள் ஊரில் சும்மா நடக்கமாட்டார்கள். காலைத் தட்டி, தடியால் அடித்து, சத்தமாகக் கதைத்துக்கொண்டு போவார்கள். ஆள் வருகிறது என்று தெரிந்தால் அது விலகும். என்னிடம் அகப்பைதான் இருந்தது. அதால் புல்லை அடித்தேன். காலை ஓங்கி ஓங்கி மிதித்தேன்.

“நான் வாறன்,” என்றேன். “பிள்ளையை எடுக்கத்தான் வாறன். உனக்கும் எனக்கும் ஒரு கதையும் இல்லை. விலகிப் போ.”

றோட்டில் போனவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்டால் கேட்கட்டும். ஒவ்வொரு அடிக்கும் அதையே சொன்னேன். தொட்டாற்சுருங்கி காலைக் கீறியது. ஒவ்வொரு கீறலும் கடிதான் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் செத்தேன். நிற்கவில்லை.

பிள்ளை பூண்டை மிதித்து ஒரு குழி மாதிரிச் செய்து அதற்குள் இருந்தாள். மடியில் மஞ்சள் பூ. மணிக்கட்டில் எதையோ சுற்றி வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் கையை உயர்த்திக் காட்டினாள்.

“அம்மா, றிபன்.”

பாம்புச் சட்டை. நீளமாக, ஈரம் காயாமல். முதல் நாளோ அன்றைக்கோ கழற்றியது.

அதை எப்படிப் பிய்த்தெறிந்தேன், அவளை எப்படித் தூக்கினேன், எப்படி வெளியே வந்தேன் என்று எனக்குத் தெரியாது. விறாந்தையில் போட்டு உடுப்பைக் கழற்றிக் காலைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், விரலிடுக்கைப் பார்த்தேன். உடம்பெல்லாம் கீறல். முள் கீறினதும் பல் பட்டதும் எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. நோகுதா என்று கேட்டேன். ஓம் என்றாள். எங்கே என்றேன். எல்லாம் என்றாள். என்ன கேட்டாலும் ஓம் என்கிற வயது அது.

குசினிக்குள் ஓடிப் பச்சை மிளகாய் ஒன்றை எடுத்து வந்தேன். அவள் வாயைத் திறந்து பல்லுக்கு நடுவில் வைத்து, தாடையைப் பிடித்து அமுக்கினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. கண்ணை விரித்துக்கொண்டு பார்த்தாள். இறங்குதுறையில் அண்ணன் பார்த்ததும் அப்படித்தான்.

பிறகு கத்தினாள். அப்படி ஒரு கத்து அந்த றோட்டில் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். முகம் சிவந்து, மூக்கும் கண்ணும் ஒழுக, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு கத்தினாள். ராத்தா வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடி வந்தா. பிள்ளை கத்திக்கொண்டிருக்க, நான் நிலத்தில் இருந்து கையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேனாம். “உறைக்குது, உறைக்குது,” என்றேனாம். எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்றுதான் ராத்தா நினைத்தா. பிள்ளைக்குச் சீனி தீத்தினது அவதான்.

கணவர் வந்து, நான் மிதித்துப் போன தடத்தால் போய், தடியின் நுனியால் பாம்புச் சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாரை என்றார். அக்கா புடையன் என்றாள். ராத்தா பார்க்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டா. மண்ணெண்ணெய் ஊற்றி எல்லாவற்றையும் கொளுத்தப் போகிறேன் என்று கணவர் நின்றார். நான் விடவில்லை. கொளுத்தினால் அது எங்கே ஓடும்? வெட்டினாலும் எங்கே ஓடும்? எங்கள் வீட்டுக்குள்தான். புல் இருந்தால் அது புல்லுக்குள் இருக்கும்.

நான் கேட்டது மணல். கணவர் கடற்கரையிலிருந்து கைவண்டியில் கொண்டுவந்து கொட்டினார். வீட்டுக்கும் புல்லுக்கும் நடுவில், ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கிற அகலத்துக்கு எல்லாவற்றையும் வெட்டிச் சுரண்டி மணலைப் பரப்பினேன். நான் வெட்ட, அவர் தடியால் நிலத்தை அடிக்க, இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொண்டே செய்தோம். கூத்துக்கு எப்ப மேளக்காரர் வருகினம் என்று றோட்டில் போன ஒருவர் கேட்டார். உள்ளித் தண்ணீரை நிறுத்தினோம். அக்காவுக்குத்தான் கவலை.

பொழுதுபட மணலைக் கூட்டுவேன். விடிய முதலில் போய்ப் பார்ப்பேன், எங்கள் ஊரில் பார்க்கிற மாதிரி. பல நாட்கள் ஒன்றும் இருக்காது. சில நாட்களில் வளைந்து வளைந்து ஒரு தடம் இருக்கும். அந்தத் தடத்தைப் பார்த்து, அது வீட்டை விட்டுப் போனதா வீட்டுக்கு வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நாட்களில் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கமாட்டேன்.

கச்சான் தொடங்கி, பூண்டெல்லாம் காய்ந்து விதை கொட்டிய பிறகு வருடம் ஒருமுறை வெட்டினோம். அடுத்த மாரிக்குத் திரும்ப முளைத்தது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. அது ஒன்றுதான் எனக்கு அதில் கிடைத்த லாபம். அந்தக் குவார்ட்டர்ஸை விட்டு அன்புவழிபுரத்துக்கு வரும்வரை அது அப்படியேதான் இருந்தது. ஒரு வருடம்கூட நான் அதற்குள் சும்மா போகவில்லை. சொல்லிக்கொண்டுதான் போனேன்.

மகள் இப்போது கலியாணம் கட்டித் தோப்பூரில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். சின்ன வயதில் வீட்டு முன்னால் அம்மா பெரிய பூந்தோட்டம் வைத்திருந்தவ என்று மருமகனிடம் சொல்கிறாள். மஞ்சள், நீலம், வெள்ளை என்று நிறம் நிறமாகச் சொல்கிறாள். வேறு ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

வரும்போதெல்லாம் அவளுக்குத் தனியாக ஒரு சட்டியில் பாற்கறி வைக்கிறேன். பச்சை மிளகாய் போட்ட கறியை அவள் தொடமாட்டாள்.